செர்வெத்தேரி: இறந்தோர் குடியிருந்த வீடுகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ரோம் நகருக்கு வடமேற்கே, கடலுக்குச் சற்று உள்ளே ஒரு மேட்டின் மீது அமைந்திருக்கிறது செர்வெத்தேரி. ரோமானியர் கைரே என்று அழைத்த இவ்வூர், ரோம் தலையெடுக்கும் முன்பே நடு இத்தாலியில் செழித்திருந்த பண்டைய மக்களான எத்ருஸ்கரின் காலத்தில் செல்வம் கொழித்த வணிக நகரம். இன்று வெளியூரிலிருந்து வருவோரில் பலர் நாடிச் செல்வது, அருகிலுள்ள பாந்திதாச்சா என்னும் இடுகாட்டைத்தான். மற்றொரு எத்ருஸ்கர் நகரமான தார்க்வீனியாவின் கல்லறைகளோடு சேர்த்து 2004-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

எத்ருஸ்கர் வாழ்ந்த வீடுகளின் மரமும் மண்ணும் மக்கிப் போய்விட்டன. இறந்தோருக்காக எரிமலைப் பாறையைக் குடைந்து அமைத்த அறைகளோ நிலைத்து நிற்கின்றன. அந்தப் பாறைக் கூரைக்கு உத்தரம் தேவையே இல்லை. ஆயினும் உத்தரத்தையும் கைமரங்களையும் கதவு நிலைகளையும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். எத்ருஸ்கரின் எழுத்துகளை நம்மால் வாசிக்க முடிகிறது, மொழி முழுதாகப் புரிவதில்லை; எனவே அவர்கள் வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இக்கல்லறைகளே முதன்மையான சான்று.

கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த, மதுனா குடும்பத்தின் கல்லறை ஒன்றை மட்டும் சற்று நின்று பார்ப்போம். உள்ளே நுழைய அனுமதியில்லை. வாசலில் உள்ள கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். சுவரிலும் தூண்களிலும் சுதையால் வடித்து வண்ணம் தீட்டிய கோடரி, கத்தி, கயிற்றுச் சுருள், பை ஆகியவை ஆணியில் மாட்டியவை போலத் தொங்குகின்றன. கீழே ஒரு நாயும் ஒரு வாத்தும் இருக்கின்றன. படுக்கைகளில் சிவப்புத் தலையணைகள். நடுக் கட்டிலின் கீழே, இப்போதுதான் கழற்றி வைத்தது போல ஒரு சோடிச் செருப்பு. அரசர்களின் தங்கத்தைக் காட்டிலும் அந்தச் செருப்பே என் மனத்தை அதிகம் தொட்டது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவும் எஞ்சியது, அவை சுவரோடு சுவராக ஒட்டியிருந்ததால்தான். எடுத்துச் செல்லக்கூடியவை பெரிதும் களவு போயின. யூஃப்ரோனியோஸ் என்ற கிரேக்க ஓவியர் வண்ணம் தீட்டிய மதுக்கலயம் ஒன்றைத் திருடர்கள் 1971-இல் இவ்வூரின் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்தார்கள். மறு ஆண்டே நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதைப் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. 2008-இல் இத்தாலிக்குத் திரும்பிய அது, இப்போது செர்வெத்தேரியிலேயே காட்சிக்கு இருக்கிறது. ஆனால் எவருடைய தலைமாட்டில், வேறு எந்தப் பொருள்களுக்கு நடுவே அது வைக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்ல இனி வழியில்லை.