எஸ்எச்ஏ256சம்: ‘ஓகே’ வந்தால் போதுமா?

(திரை: உபுண்டு 24.04 பதிவிறக்கப் பக்கம். ஐஎஸ்ஓ கோப்புக்குக் கீழே இரண்டு சின்னக் கோப்புகள் வட்டமிட்டுக் காட்டப்படுகின்றன.)

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை இறக்கப் போனால் 5 ஜிபிக்கு மேல் ஒரு ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது நிறுவல் வட்டின் முழு நகல், இருக்கும். அதே பக்கத்தில் சில நூறு பைட்டே உள்ள ஒரு கோப்பும் இருக்கும், பெயர் எஸ்எச்ஏ256சம்ஸ். அதே பெயரோடு ஜிபிஜி என்ற பின்னொட்டு சேர்ந்து இன்னொன்றும் இருக்கும். பெரும்பாலானோர் பெரியதை மட்டும் இறக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்த வீடியோ அந்தச் சின்ன இரண்டைப் பற்றியது.

செக்சம் என்பது ஒரு கோப்பின் எல்லா பைட்டுகளையும் கணக்குக்குள் போட்டு எடுக்கும் ஒரு நீளமான எண். எஸ்எச்ஏ256 முறையில் அது எப்போதும் 256 பிட். 0 முதல் 9 வரை, ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளில் எழுதினால் 64 எழுத்து. கோப்பு 1 பைட்டாக இருந்தாலும் சரி, 1 டிபியாக இருந்தாலும் சரி, அதே 64 எழுத்துதான்.

(திரை: கறுப்பு டெர்மினல். கர்சர் துடிக்கிறது.)

பெரிய கோப்பைத் தொடும் முன் ஐந்தே எழுத்தில் பார்த்துவிடலாம். பிரின்ட்எஃப், ஓர் இடைவெளி, ஆங்கிலத்தில் ஹலோ, எல்லாம் சின்ன எழுத்து. பிறகு, முந்தைய கட்டளையின் விடையை அடுத்ததற்கு அனுப்பும் பைப் குறி, அதற்குப் பின் இந்த எண்ணை எடுக்கும் கட்டளையான எஸ்எச்ஏ256சம். என்டர்.

விடை 2சிஎஃப்24டிபிஏ என்று தொடங்குகிறது. உங்கள் கணினியிலும் இதேதான் வரும், பத்து வருடம் கழித்துத் தட்டினாலும் இதேதான் வரும். இப்போது முதல் எழுத்தை மட்டும் பெரிய எச் ஆக்குவோம். கணினிக்குள் சின்ன எச்சுக்கும் பெரிய எச்சுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம்.

(திரை: இரண்டு விடைகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக.)

185எஃப்8டிபி3. முந்தைய விடையோடு எந்தச் சாயலும் இல்லை. ஒரு பிட் மாறினால் விடையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் புரண்டுவிடும். அப்படித்தான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். “கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது” என்ற பேச்சே இங்கே கிடையாது.

இதே இடத்தில் பிரின்ட்எஃபுக்குப் பதிலாக எக்கோ என்று தட்டியவர்களுக்கு 5891பி5பி5 என்று வந்திருக்கும். பதற வேண்டாம். எக்கோ கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுவரிக் குறியையும் சேர்த்து அனுப்புகிறது. நமக்கு ஐந்து எழுத்து, எஸ்எச்ஏ256சம்முக்கு ஆறு பைட். இணையத்தில் “எனக்கு வேறு விடை வருகிறதே” என்று கேட்பவர்களில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இந்தப் புதுவரியில்தான்.

சரி, ஐஎஸ்ஓவுக்கு வருவோம்.

(திரை: இறக்கிய கோப்புறைக்குள் நுழைந்து, எஸ்எச்ஏ256சம் கட்டளைக்குப் பின் ஐஎஸ்ஓவின் பெயர்.)

சில விநாடிகள் எடுக்கும், பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். கோப்பை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படித்தாக வேண்டுமே. விடையில் 64 எழுத்து, பிறகு இரண்டு இடைவெளி, பிறகு கோப்பின் பெயர். இரண்டாவது இடைவெளி இருக்கும் இடத்தில் சில சமயம் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பைனரி முறையில் படித்தது என்று அர்த்தம். லினக்ஸில் அதனால் விடை மாறாது.

கோப்பின் பெயர் கணக்கில் சேர்வதில்லை என்பதையும் கவனியுங்கள். பெயரை மாற்றினாலும் கோப்புறையை மாற்றினாலும் எண் மாறாது. உள்ளே இருப்பது மட்டுமே கணக்கு. ஒரு பைட்கூட இல்லாத காலிக் கோப்புக்கும் ஒரு எண் உண்டு. அது ஈ3பி0சி442 என்று தொடங்கும். இறக்கிய கோப்புக்கு இந்த எண் வந்தால், பதிவிறக்கமே நடக்கவில்லை, பெயர் மட்டும்தான் வந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். மென்பொருள் தயாராகும்போது பதிவாகும் பில்டு லாக்கைப் படிப்பவர்களுக்கு இது ரொம்பப் பழகிய முகம்.

இப்போது அந்த 64 எழுத்தையும் கண்ணால் ஒப்பிட வேண்டுமா? வேண்டாம். முதல் நான்கு, கடைசி நான்கு பார்த்துவிட்டு விட்டுவிடுகிற பழக்கம் அதில்தான் வருகிறது. ஒப்பிடும் வேலையையும் கருவியிடமே கொடுங்கள்.

(திரை: எஸ்எச்ஏ256சம், ஒரு கோடு, சி, பிறகு எஸ்எச்ஏ256சம்ஸ் கோப்பின் பெயர்.)

கோடு சி போட்டால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தேடி, எண்ணைக் கணக்கிட்டு, பட்டியலில் இருப்பதோடு தானே ஒப்பிடும். ஆனால் பட்டியலில் சர்வர் பதிப்பும் இருக்கும், நாம் அதை இறக்கவில்லை. அதனால் “அப்படி ஒரு கோப்பு இல்லை” என்று புலம்பும். இரண்டு கோடு, இக்னோர், ஒரு கோடு, மிஸ்ஸிங் என்று சேர்த்துவிட்டால் இல்லாததை விட்டுவிட்டு இருப்பதை மட்டும் பார்க்கும். பெயருக்குப் பக்கத்தில் ‘ஓகே’ என்று வரும். ஒத்துப்போகவில்லை என்றால் ‘ஃபெயில்டு’.

கோப்பு கண்ணெதிரே இருந்தும் “இல்லை” என்று அடம்பிடித்தால், அந்தப் பட்டியல் விண்டோஸில் சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஒரு பைட் கூடுதலாக வைக்கும். கருவியின் பழைய பதிப்புகள் அதையும் பெயரின் பகுதி என்று எடுத்துக்கொண்டு தேடும். டாஸ்2யூனிக்ஸ் என்ற கட்டளையை அந்தப் பட்டியல் மேல் ஓட்டினால் தீர்ந்தது.

(திரை: பச்சை நிற ‘ஓகே’. அதன் மேல் ஒரு கேள்விக்குறி.)

ஓகே வந்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம்? பட்டியலில் இருக்கும் எண்ணும் உங்கள் கையில் இருக்கும் கோப்பும் பொருந்துகின்றன. அவ்வளவுதான். அந்தப் பட்டியலை யார் எழுதினார்கள் என்பதைப் பற்றி இந்த ஓகே ஒன்றும் சொல்வதில்லை.

2016 பிப்ரவரி 20. உபுண்டு போலவே இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான லினக்ஸ் மிண்ட்டின் தளத்துக்குள் ஒருவர் திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டார். மிண்ட் 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை மாற்றி, பல்கேரியாவின் சோஃபியாவில் இருந்த ஒரு சர்வரை நோக்கித் திருப்பிவிட்டார். அங்கே இருந்ததும் மிண்ட்தான், ஆனால் உள்ளே, வெளியாள் கணினிக்குள் நுழைய வழிவிடும் சுனாமி என்ற பின்கதவு நிரல் ஒளிந்திருந்தது. மிண்ட் திட்டத்தின் தலைவர் கிளெமென்ட் லெஃபெவ்ரே விஷயத்தை வெளியில் சொல்லி, தளத்தையே சிறிது நேரம் முடக்கி வைத்தார். அன்று மிண்ட், எம்டி5 என்ற பழைய செக்சம் முறையின் எண்களைத்தான் கொடுத்துவந்தது. நுழைந்ததாகச் சொல்லிக்கொண்டவர் பிறகு ஒரு செய்தித் தளத்திடம் பேசியபோது, பக்கத்தில் இருந்த செக்சம்மையும் தன் கோப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டதாகச் சொன்னார். அப்படிப் பார்த்தால் அன்று ஒழுங்காகச் சரிபார்த்தவருக்கும் ஓகேதான் வந்திருக்கும்.

வீட்டுச் சாவியைக் கதவுக்கு முன்னால் கிடக்கும் மிதியடிக்குக் கீழே வைப்பது போலத்தான் இது. கோப்பும் எண்ணும் ஒரே பக்கத்தில் இருந்தால், ஒன்றை மாற்ற முடிந்தவரால் இன்னொன்றையும் மாற்ற முடியும். வழியில் பைட் கெட்டுப்போனதா, பதிவிறக்கம் பாதியில் நின்றதா என்பதற்கு அந்த எண் போதும். யாராவது வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்களா என்பதற்குப் போதாது.

அதற்குத்தான் ஜிபிஜி என்று முடிகிற அந்த இரண்டாவது சின்னக் கோப்பு. அது எண் பட்டியலுக்கு உபுண்டு போட்டிருக்கும் டிஜிட்டல் கையொப்பம். கையொப்பமிடும் ரகசியச் சாவியைப் பதிவிறக்கத் தளத்தில் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தளத்துக்குள் நுழைந்தவர் பட்டியலை மாற்றலாம், கையொப்பத்தைப் புதிதாகப் போட முடியாது.

(திரை: கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி கருவி, இரண்டு கோடு, வெரிஃபை. பிறகு முதலில் கையொப்பக் கோப்பு, அடுத்து பட்டியல்.)

முதல் தடவை ஓட்டும்போது, அந்த ரகசியச் சாவியின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்களிடம் இல்லை என்று சொல்லி, அதன் அடையாள எண்ணைக் காட்டும். உபுண்டுவின் சாவி வழங்கியிலிருந்து அதை இறக்கிக்கொண்டு மறுபடி ஓட்டினால் “நல்ல கையொப்பம்” என்று வரும். கூடவே, இந்தச் சாவி நம்பகமானது என்று யாரும் உறுதி செய்யவில்லை என்றும் ஓர் எச்சரிக்கை வரும். இதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு, கண்டுகொள்ளாமல் போகிறவர்கள் அதைவிட அதிகம். சாவியை அடையாளம் காட்டும் நீளமான எண்ணை, அதாவது அதன் கைரேகையை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே அந்த எச்சரிக்கையின் பொருள். உபுண்டு 2012இல் உருவாக்கிய ஐஎஸ்ஓ கையொப்பச் சாவியின் கைரேகை ஈஎஃப்ஈ21092 என்று முடியும். இந்த வீடியோவை நம்பி விட்டுவிடாதீர்கள். உபுண்டுவின் ஆவணங்கள், ஏற்கெனவே உபுண்டு ஓடும் நண்பரின் கணினி என்று வேறு வேறு இடங்களில் முழுக் கைரேகையையும் பாருங்கள். ஒரு தடவை சரிபார்த்துச் சாவியை வைத்துக்கொண்டால், அதே சாவியில் கையொப்பமிட்ட அடுத்த பதிப்புகளுக்கும் அதுவே போதும்.

மிண்ட்டும் இப்போது எஸ்எச்ஏ256 பட்டியலோடு கையொப்பத்தையும் சேர்த்தே தருகிறது.

(திரை: எம்டி5, எஸ்எச்ஏ1 இரண்டின் மேலும் சிவப்புக் கோடு.)

எம்டி5 பற்றிச் சுருக்கமாக. 2004இல் சீனக் கணிதவியலாளர் சியாவோயுன் வாங்கின் குழு, ஒரே எம்டி5 எண் வரும் இரண்டு வெவ்வேறு தரவுகளைக் காட்டியது. இன்று சாதாரண லேப்டாப்பிலேயே அதைச் செய்யலாம். இன்னொரு பழைய முறையான எஸ்எச்ஏ1க்கு 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து அதே கதியைக் காட்டின. இரண்டு பிடிஎஃப், ஒன்றில் நீலப் பின்னணி, மற்றதில் சிவப்பு, எஸ்எச்ஏ1 எண் ஒன்றே. பழைய தளத்தில் எம்டி5 மட்டும்தான் இருக்கிறது என்றால் பதிவிறக்கம் உடைந்ததா என்று பார்க்க அது இன்னும் உதவும். புதிதாக நீங்கள் உருவாக்கும் எதற்கும் அது வேண்டாம்.

அப்புறம், இதே கருவியைச் சொந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். குடும்பப் படங்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் ஒரு வெளி டிஸ்க்கில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(திரை: ஃபைண்ட் கட்டளை கோப்புறை முழுவதும் சுற்றி, எண்களை ஒரு பட்டியலுக்குள் எழுதுகிறது.)

ஃபைண்ட் கட்டளையோடு எஸ்எச்ஏ256சம்மைச் சேர்த்தால் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே பட்டியல் கிடைக்கும். பட்டியலை மட்டும் அந்தக் கோப்புறைக்கு வெளியே எழுதுங்கள். உள்ளே எழுதினால், எழுதிக்கொண்டிருக்கும்போதே பட்டியல் தன்னையும் கணக்கெடுத்துக்கொள்ளும், பிறகு எப்போது சரிபார்த்தாலும் அந்த ஒரு வரி ஃபெயில்டுதான்.

பென்டிரைவுக்குப் படி எடுத்த கையோடு சரிபார்ப்பதிலும் பெரிய பயன் இல்லை. லினக்ஸ் அந்தக் கோப்பை நினைவகத்திலேயே வைத்திருக்கும், அங்கிருந்தே படித்து ஓகே சொல்லிவிடும். டிரைவை முறைப்படி வெளியேற்றி, மறுபடி செருகி, பிறகு ஓட்டுங்கள். ஆயிரக்கணக்கில் கோப்பு இருந்தால் இரண்டு கோடு, குவைட் என்று சேர்த்தால் தோற்றவை மட்டும் திரைக்கு வரும்.

வாட்ஸ்அப்பில் போன படத்துக்கும் உங்களிடம் இருக்கும் மூலத்துக்கும் எண் பொருந்தாது, ஏனென்றால் அது படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. ஆவணமாக அனுப்பினால் பொருந்தும். சந்தேகம் இருந்தால் நீங்களே ஒரு படத்தை இரண்டு விதமாகவும் அனுப்பி ஓட்டிப் பாருங்கள்.

(திரை: மேக், விண்டோஸ் டெர்மினல்கள் அருகருகே.)

மேக்கில் ஷாசம், ஒரு கோடு ஏ, 256 என்று தட்டினால் அதே வேலை நடக்கும். பட்டியலை ஒப்பிட அதிலும் கோடு சி உண்டு. விண்டோஸில் செர்ட்யூடில் இருக்கிறது, கோடு ஹாஷ்ஃபைல், கோப்பின் பெயர், கடைசியில் எஸ்எச்ஏ256 என்று மறக்காமல் போட வேண்டும். பவர்ஷெல் இருந்தால் கெட் ஃபைல்ஹாஷ் இன்னும் எளிது, ஒன்றும் சொல்லாவிட்டாலும் எஸ்எச்ஏ256தான் எடுக்கும். விடை மட்டும் பெரிய எழுத்தில் வரும். உபுண்டு பட்டியலில் சின்ன எழுத்து. எண் ஒன்றேதான். பவர்ஷெல்லிலேயே இரண்டையும் மேற்கோள் குறிக்குள் ஒட்டி, நடுவில் ஒரு கோடு, ஈக்யூ என்று போட்டால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காமல் ‘ட்ரூ’ என்றோ ‘ஃபால்ஸ்’ என்றோ சொல்லிவிடும்.