மணிக்கட்டில் ஒரு புள்ளி: விக்டர் ஷைன்மன் வடிவமைத்த ரோபோ கைகள்

(காட்சி: மேசை மீது ஓர் இரும்புத் துண்டு. அதிலுள்ள திருகை நோக்கித் திருப்புளி பிடித்த ஒரு கை நீள்கிறது.)

திருப்புளியின் நுனி திருகின் தலையில் பொருந்திவிட்டது. இப்போது நுனியை அங்கிருந்து விலக்காமலேயே, பிடியை மட்டும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்க நம்மால் முடிகிறது. நுனி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. கருவி எந்தப் பக்கம் நோக்கியிருக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கிட இடம்கொடுக்கும் ஓர் இயந்திரக் கையை 1969-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வடிவமைத்தவர் விக்டர் ஷைன்மன். அவர் கணினியாளர் அல்லர், இயந்திரப் பொறியாளர். இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது அவர் செய்த கைகளையும், அவற்றுக்குப் பின்னால் இருந்த வடிவமைப்பு முடிவுகளையும்தான்.

(காட்சி: வார்ப்பு இயந்திரத்தின் முன் நிற்கும் பருத்த ரோபோ.)

தொழிற்சாலைக்குள் ரோபோ அதற்கு முன்பே நுழைந்துவிட்டது. 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற ரோபோ, வார்ப்பு இயந்திரத்திலிருந்து சூடான உலோகப் பாகங்களை வெளியே எடுக்கத் தொடங்கியது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய அந்தப் பெரிய இயந்திரம், காந்த உருளையில் பதிந்துவைத்த அசைவுகளை அப்படியே திரும்பத் திரும்பச் செய்தது. பாகம் வழக்கமான இடத்திலிருந்து சற்று நகர்ந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. கண்ட இடத்தில் கிடக்கும் பொருளைக் கணினியே கண்டறிந்து எடுக்க வேண்டுமானால் வேறு வகையான கை தேவைப்பட்டது.

ஷைன்மன் 1942-இல் பிறந்தவர். நியூயார்க்கில் பள்ளியில் படித்தபோதே குரலுக்கு இயங்கும் தட்டச்சு இயந்திரம் ஒன்றை அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியலில் பட்டம் பெற்றபின், இயந்திரப் பொறியியல் படிக்க ஸ்டான்ஃபோர்டு வந்தார். அங்கிருந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் கணினியோடு இணைக்கப்பட்ட கைகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றுள் ஒன்று, கை செயலிழந்தவர்களுக்கு உதவுவதற்காக ஒரு மருத்துவமனையில் உருவாக்கப்பட்டது. அதில் துல்லியம் போதவில்லை. இன்னொன்று எண்ணெய் அழுத்தத்தால் இயங்கியது. அதில் வேகமும் வலுவும் மிகுதி, அருகில் நின்று வேலை செய்வதுதான் ஆபத்தாக இருந்தது. ஷைன்மன் மின்மோட்டார்களைத் தேர்ந்தெடுத்தார்.

(காட்சி: ஸ்டான்ஃபோர்டு கையின் வரைபடம். ஆறு மூட்டுகளும் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

இந்தக் கைக்கு ஆறு மூட்டுகள். முதல் மூட்டு அடித்தண்டைச் சுழற்றி, எந்தத் திசை என்பதை முடிவுசெய்கிறது. இரண்டாவது, தோளைப் போல மேலும் கீழும் சாய்க்கிறது. மூன்றாவது சுழலும் மூட்டே அன்று. இழுப்பறையைப் போல நேர்கோட்டில் நீண்டு சுருங்கி, எவ்வளவு தொலைவு என்பதை முடிவுசெய்கிறது. மீதி மூன்றும் மணிக்கட்டில் இருக்கின்றன. அந்த மூன்றின் சுழல் அச்சுகளும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. என் பார்வையில் இந்த இயந்திரத்தின் உயிர் இந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. எனவே சற்று நின்று பார்ப்போம்.

கை நுனி இன்ன இடத்தில், இன்ன சாய்வில் நிற்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். அதற்கு ஆறு மூட்டுகளும் எந்தெந்த அளவில் நிற்க வேண்டும் என்பதைக் கணினி கண்டுபிடிக்க வேண்டும். மூட்டுகள் தாறுமாறாக அமைந்திருந்தால், ஒன்றை மாற்றும்போது இடமும் சாய்வும் சேர்ந்தே மாறும். ஆறு தெரியாத அளவுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் சமன்பாடுகளை, ஊகித்தும் திருத்தியும் படிப்படியாகத்தான் நெருங்க முடியும். அடுத்தடுத்த மூன்று அச்சுகள் ஒரு புள்ளியில் சந்தித்தால் இந்தச் சிக்கலுக்கு நேரடி விடை உண்டு என்பதை, அதே ஸ்டான்ஃபோர்டில் டொனால்டு பீப்பர் 1968-இல் தம் ஆய்வேட்டில் காட்டியிருந்தார்.

அது எப்படி என்பதைத் திருப்புளியை வைத்தே பார்க்கலாம். அதன் நீளம் நமக்குத் தெரியும். நுனி இருக்க வேண்டிய இடத்திலிருந்து, திருப்புளி சாய்ந்திருக்க வேண்டிய திசையிலேயே அந்த நீளம் பின்வாங்கினால் மணிக்கட்டுப் புள்ளி கிடைத்துவிடும். மணிக்கட்டை எப்படித் திருகினாலும் அந்தப் புள்ளி நகராது என்பதால், அதை அந்த இடத்தில் நிறுத்துவது முதல் மூன்று மூட்டுகளின் வேலை மட்டுமே: திசை, உயரம், தொலைவு. அந்த மூன்றும் கிடைத்தபின், மிச்சமுள்ள சாய்வை மணிக்கட்டின் மூன்று மூட்டுகள் பார்த்துக்கொள்ளும். ஆறு தெரியாத அளவுகள் கொண்ட ஒரு கணக்கு, மும்மூன்று கொண்ட இரு கணக்குகளாகப் பிரிந்துவிடுகிறது. அக்காலக் கணினிகளின் வேகம் மிகக் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால், கணினியின் சுமையை இரும்பிலும் கியரிலும் இறக்கிவைத்த இந்த முடிவின் அருமை விளங்கும்.

ஒவ்வொரு மூட்டிலும் நிலையை அளக்கப் பொட்டென்ஷியோமீட்டரும், வேகத்தை அளக்க டேக்கோமீட்டரும், கூடவே ஒரு பிரேக்கும் இருந்தன. பிரேக்கைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். கை ஓரிடத்தை அடைந்ததும் பிரேக் பிடித்துக்கொள்ளும். எடையைத் தாங்குவதற்காக மோட்டார் இடைவிடாமல் மின்சாரம் இழுத்துச் சூடாக வேண்டியதில்லை, கணினிக்கும் அடுத்த அசைவைத் திட்டமிட நேரம் கிடைக்கும்.

(காட்சி: பழைய காரின் தண்ணீர் பம்ப், பிரித்துவைக்கப்பட்ட பாகங்களாக.)

1970களின் முற்பகுதியில் இந்தக் கை, கேமராவின் உதவியோடும் தொடு உணர்வோடும், ஃபோர்டு மாடல் டி காரின் தண்ணீர் பம்ப்பைத் தானாகவே பொருத்திக் காட்டியது. எடுத்து வைப்பதோடு நின்றுவிடாமல், பாகங்களை ஒன்றோடொன்று சரியாகச் சேர்த்து இணைக்கும் வேலை இது.

பின்னர் எம்.ஐ.டி.க்காக அவர் ஒரு சிறிய கையைச் செய்தபோது, நேர்கோட்டில் நீளும் மூட்டைக் கைவிட்டு, அதன் இடத்தில் சுழலும் முழங்கையை வைத்தார். மணிக்கட்டுப் புள்ளியை மட்டும் விடவில்லை. தாம் கண்டதில் எது மாறலாம், எது மாறக்கூடாது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. 1973-இல் விகார்ம் என்ற தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி இத்தகைய கைகளை விற்றார். 1977-இல் அதை யூனிமேட்டைத் தயாரித்த யூனிமேஷன் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

கார்களில் பொருத்தப்படும் பாகங்களில் பெரும்பாலானவை ஒரு தொழிலாளி ஒரு கையால் தூக்கக்கூடிய எடை கொண்டவை. அவற்றுக்கு மனிதக் கையின் அளவிலேயே ஒரு ரோபோ வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் விரும்பியது. அந்த நிறுவனத்தின் ஆதரவோடு, ஷைன்மனின் வடிவமைப்பை வைத்து யூனிமேஷன் 1978-இல் வெளியிட்டதுதான் பூமா. தொழிற்சாலைகளைப் போலவே பல்கலைக்கழக ஆய்வகங்களும் அதை வாங்கின; ரோபோவியல் பாடங்களில் பூமா 560 என்ற மாதிரியின் மூட்டுக் கணக்கைப் போட்டுப் பழகாத மாணவர்கள் குறைவு. 1985-இல் மூளையிலிருந்து திசு எடுக்கும் ஊசியைச் சரியான இடத்துக்கு வழிநடத்தவும் ஒரு பூமா பயன்பட்டது.

(காட்சி: மேலே தட்டையான உலோகத் தளம், அதன் அடிப்பக்கத்தில் தொங்கியபடி நகரும் சிறு பெட்டிகள்.)

1980-இல் ஆட்டோமேட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஷைன்மனும் ஒருவர். ரோபோக்களோடு கேமராப் பார்வையை இணைத்து விற்ற நிறுவனம் அது. அங்கே அவர் உருவாக்கிய ரோபாட்வேர்ல்டு என்ற அமைப்பில் நீளமான கையே கிடையாது. மேலே உள்ள உலோகத் தளத்தில் காந்த விசையால் தொங்கி, மெல்லிய காற்றுப் படலத்தின் மீது உராய்வின்றி வழுக்கிச் செல்லும் சிறு அலகுகள் பல, ஒரே வேலையைப் பகிர்ந்துகொண்டன. ஓர் அலகு கேமராவைத் தாங்கும், இன்னொன்று பாகத்தைப் பிடிக்கும். கை நீள நீள அதிர்வும் வளைவும் கூடும்; சிறு பாகங்களைப் பொருத்தும்போது அந்தச் சிறு வளைவே பெரும்பிழையாகிவிடும். தாம் புகழ்பெற்ற வடிவத்தையே இந்த வேலைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தத் துணிவுக்காக அவர் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

(காட்சி: ஆறு மூட்டு ரோபோ கை ஒன்று, மணிக்கட்டுப் புள்ளியை அசைக்காமல் கருவியை மட்டும் மெதுவாகச் சாய்க்கிறது.)

ஷைன்மன் 2016-இல், தம் 73-ஆம் வயதில் காலமானார். இன்று தொழிற்சாலைகளில் வெல்டிங் செய்யும், வண்ணம் தெளிக்கும், பெட்டிகளை அடுக்கும் ஆறு மூட்டு ரோபோக்களை அருகில் சென்று பார்த்தால், அவற்றில் மிகப் பலவற்றின் மணிக்கட்டில் மூன்று அச்சுகள் ஒரே புள்ளியில் சந்திப்பதைக் காணலாம்.