விளக்கும் குடமும்: 1982இன் சர்வசன வாக்கெடுப்பு

அவைத்தலைவர் அவர்களே, அன்பர்களே,

மக்களிடம் நேரடியாகக் கேட்பதைவிட மேலான சனநாயகம் உண்டா என்று பலரும் கேட்கிறார்கள். கேட்பவர் யார், கேட்கப்படுவது எது என்று பார்க்காமல் அதற்கு விடை கூற இயலாது. ஆகவே, இலங்கை இதுவரை கண்ட ஒரே சர்வசன வாக்கெடுப்பை எடுத்துக்கொள்கிறேன்.

1977 பொதுத்தேர்தலில், வாக்குகளில் பாதியைச் சற்றே கடந்த ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பழைய தொகுதிமுறை 168 ஆசனங்களில் 140ஐ அள்ளிக் கொடுத்தது. 1978 அரசியலமைப்போ, பெற்ற வாக்குகளின் அளவுக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அம்முறையில் தேர்தல் நடந்தால் அத்தகைய பெரும்பான்மை மீண்டும் கிட்டாது. எனவே 1982 அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற அக்கட்சித் தலைவர் ஜே. ஆர். ஜயவர்தன, பொதுத்தேர்தலுக்குப் பதிலாக, இருக்கும் பாராளுமன்றத்தையே மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டிக்க மக்களின் சம்மதத்தைக் கேட்டார். ஆம் என்போருக்கு விளக்குச் சின்னம், இல்லை என்போருக்குக் குடம்.

இங்கேதான் என் மனம் ஆறுவதில்லை. பாராளுமன்றம் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொள்ளாதபடி, மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு மக்களின் ஒப்புதலும் வேண்டும் என்று அரசியலமைப்பின் உறுப்புரை 83 விதித்திருந்தது. மக்களைக் காப்பதற்காக வைத்த அந்த ஏற்பாடே, அவர்களுடைய அடுத்த தேர்தலை அவர்கள் கையாலேயே தள்ளிவைக்கும் வழியாயிற்று. அவசரகால நிலை நடைமுறையில் இருக்க, டிசம்பர் 22ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. 54.66 வீதத்தினர் விளக்குக்கு வாக்களித்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது வாக்குகள் குடத்துக்கே விழுந்தன. நாடு முழுவதற்குமான ஒரே கூட்டலில் அவை கரைந்துபோயின.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களை அடுத்து, தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு உறுதிமொழி எடுக்குமாறு பாராளுமன்ற உறுப்பினர்களைப் பணிக்கும் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. அவ்வுறுதிமொழியை எடுக்க மறுத்த, வடக்கின் பிரதிநிதிகளான தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். வாக்கெடுப்பு நீட்டித்துத் தந்த ஆண்டுகளின் பெரும்பகுதியை வடக்கு, தான் தெரிவுசெய்த பிரதிநிதிகள் இன்றியே கழித்தது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில்தான்.

சுவிட்சர்லாந்தில், பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்து 100 நாட்களுக்குள் 50,000 வாக்காளர்கள் கையொப்பமிட்டால் வாக்கெடுப்பு நடந்தே தீரவேண்டும். அரசியலமைப்பைத் திருத்துவதென்றால், மொத்த வாக்குகளில் பெரும்பான்மை மட்டும் போதாது. பெரும்பான்மையான மாநிலங்களும் இசைய வேண்டும். பல மொழியினர் வாழும் நாட்டில் இந்த இரட்டைப் பெரும்பான்மை இன்றியமையாதது என்பதே என் உறுதியான கருத்து. இலங்கைக்கு இனி எழுதப்படும் எந்த அரசியலமைப்பிலும் அது இடம்பெற வேண்டும். பாராளுமன்றத்தின் ஆயுளோ, வாக்கெடுப்புக்கே விடப்படக்கூடாத பொருளாக விலக்கி வைக்கப்பட வேண்டும்.