பத்துக் காசுகள்

வணக்கம். கணக்கு வாத்தியாரை வானொலியில் பேசக் கூப்பிட்டு, 'ஓய்வுக்குப் பின் ஓர் உதவித்தொகை' என்று தலைப்பும் கொடுத்தால், அவர் வட்டியில்தான் ஆரம்பிப்பார். பயப்படாதீர்கள், கரும்பலகை வேண்டாத கணக்குதான்.

நான் தலைமை ஆசிரியரான வாரம், இரும்பு பீரோவில் ஒரு பழைய கோப்பு கிடைத்தது. எண்பதுகளில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் பள்ளி பெயரில் 5,000 ரூபாய் டெபாசிட் போட்டிருக்கிறார். முதல் பணத்தைத் தொடக்கூடாது, வட்டி மட்டும் பத்தாம் வகுப்பில் தமிழில் முதலாவதாக வருபவருக்கு. அன்றைக்கு 11 சதவீதம், அதாவது 550 ரூபாய். சீருடை, நோட்டு, செருப்பு எல்லாம் வாங்கலாம். நான் மேடையில் கொடுத்தபோது ஆறரை சதவீதம், 325 ரூபாய். வாங்கிய பெண் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். எனக்குத்தான் அந்தக் கவரை நீட்டக் கை கூசியது. 5,000 சேர்க்க அந்த மனிதர் எத்தனை மாதம் வாயைக் கட்டியிருப்பார்!

அதனால் கல்லூரிப் பிள்ளைகளுக்காக நான் உயிலில் எழுதிவைக்கும் பணத்துக்கு ஒரு நிபந்தனை. வட்டியில் மூன்றில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துவிட வேண்டும். ஐந்து லட்சத்துக்கு இன்றைய வட்டி 32,500 என்றால், சுமார் 21,700 பிள்ளைக்கு, மீதி முதலுக்கு. திரும்பவும் சொல்கிறேன், பேனா எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: மூன்றில் ஒரு பங்கு முதலுக்கு.

இந்த இடத்தில் ஒசியோலா மெக்கார்ட்டி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. என் வீட்டில் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தின் ஹேட்டிஸ்பர்க் ஊரில் துணி துவைத்தே பிழைத்த கறுப்பினப் பெண்மணி. உறவுக்காரப் பெண்மணியைக் கவனிக்க ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வாஷிங் மெஷின் வாங்கிப் பார்த்து, அழுக்கு சரியாகப் போகவில்லை என்று கைத்துவைப்புக்கே திரும்பியவர்! 87 வயதில் வங்கிக்காரர் அவர் முன் பத்து நாணயங்களை வைத்து, ஒவ்வொன்றும் உங்கள் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு, யாருக்கு எத்தனை என்று கேட்டார். ஒன்று தேவாலயத்துக்கு. மூன்று உறவினர்களுக்கு. மிச்சம் ஆறும், 1965 வரை கறுப்பினத்தவரைச் சேர்க்காத அதே ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு. ஒன்றரை லட்சம் டாலர்! தம் காலத்துக்குப் பிறகு போய்ச் சேரட்டும் என்றுதான் 1995இல் எழுதிக்கொடுத்தார். ஊர் வியாபாரிகள் அதே அளவு பணம் திரட்டிக் கொடுத்ததால், அந்த உதவித்தொகை வாங்கிய முதல் மாணவியை அவர் கண்ணாலேயே பார்த்தார். 1999இல் காலமானார்.

நானும் சாப்பாட்டு மேசையில் பத்து ஒரு ரூபாய்க் காசுகளை அடுக்கினேன். மகளுக்கு மூன்று, மகனுக்கு மூன்று, உதவித்தொகைக்கு நான்கு. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நான்கிலிருந்து ஒன்றை எடுத்து உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது நம்ம ஆஸ்பத்திரிச் செலவுக்கு. இதை யார் நினைக்கிறது?" சரி, நான் நினைக்கவில்லைதான். இப்போது உதவித்தொகைக்கு மூன்று.

யாருக்குக் கொடுப்பது? முதல் மதிப்பெண்ணுக்குத்தான் என்று எழுதாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே நாலு சால்வை விழும். முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்கிறது. தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் சீட்டு கிடைத்த கையோடு விடுதி மெஸ் அட்வான்ஸ் கட்டச் சொல்வார்கள். அங்கேதான் தகப்பன் வட்டிக்கடைக்கு ஓடுகிறான். நான் 'விடுதிச் செலவுக்கு முதலிடம்' என்று எழுதியிருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். உயில் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத்தாளே போதும், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம், நான் இரண்டு முறை மாற்றிவிட்டேன். கல்லூரியின் முழுப் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். அப்புறம் அந்த நாமினி விஷயம்... ஒரு விரல்தான் தெரிகிறது. வணக்கம்.