பெற்றோர் உரிமைக்கும் காலாவதி உண்டு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

கடுமையாகப் புறக்கணிக்கப்பட்ட குழந்தைக்கு எது நல்லது? பெற்றோரின் உரிமையைச் சட்டப்படி முடித்துவைப்பதா, பெற்றோரைத் திருத்திப் பிள்ளையை அவர்களிடமே ஒப்படைப்பதா? இதுதான் இன்றைய தலைப்பு. முடித்துவைப்பதே என்று பேச வந்திருக்கிறேன். கைதட்டல் எதிரணிக்குத்தான் விழும் என்பது தெரிந்தே ஒப்புக்கொண்டேன். தாயையும் பிள்ளையையும் சேர்த்துவைக்கிறோம் என்று ஒருவர் சொன்னால், அதை எதிர்த்துப் பேசுகிறவன் வில்லனாகத்தான் தெரிவான்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ‘பெற்ற மனம் பித்து’ என்று ஆரம்பித்துப் பாதி அரங்கைக் கலங்க வைத்துவிட்டார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் அந்த உரையில் யார் யாரெல்லாம் வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குடியிலிருந்து மீளத் துடிக்கும் தகப்பன் வந்தார். மனச்சோர்வில் விழுந்த தாய் வந்தார். இரக்கமில்லாத அதிகாரி வந்தார். குழந்தை எப்போது வந்தது? கடைசியில், தாயின் மடியில் திரும்பக் கொண்டுபோய் வைப்பதற்காக வந்தது. அதுவரை அது எங்கே இருந்தது, என்ன சாப்பிட்டது, யார் தூக்கினார்கள் என்று அம்மையார் சொல்லவில்லை. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

குழந்தை மருத்துவர்களிடம் வளர்ச்சி வரைபடம் ஒன்று இருக்கும். வயதுக்கேற்ற எடை எவ்வளவு என்று காட்டும் வளைகோடுகள் அச்சடித்த தாள். பிறந்தபோது நடுக்கோட்டில் இருந்த புள்ளி நான்காம் மாதம் ஒரு கோடு கீழே இறங்குகிறது. எட்டாம் மாதம் கடைசிக் கோட்டுக்கும் கீழே போய்விடுகிறது. மருத்துவமனையில் சேர்த்து ரத்தம், சிறுநீர், தைராய்டு என்று எல்லாம் பார்க்கிறார்கள். நோய் ஒன்றும் இல்லை. வார்டில் வேளாவேளைக்குப் பால் கொடுக்கிறார்கள், மடியில் வைத்துக்கொண்டு கொடுக்கிறார்கள். பத்துப் பதினைந்து நாளில் புள்ளி மேலே ஏறுகிறது. வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த முறை வரும்போது மறுபடியும் கீழே. இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். நோயில்லாமலே எடை குறையும் குழந்தையிடம் எதைத் தேட வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லித்தருவது இது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை அந்தத் தாளில் பேனாப் புள்ளியாகவே பார்க்கலாம்.

எடை ஒரு அடையாளம்தான். மல்லாக்கப் போட்டபடியே கிடந்ததால் பின்மண்டை தட்டையாகி, அந்த இடத்தில் முடி உதிர்ந்திருக்கும். தொடை இடுக்கில் புண் காய்ந்து, அதன் மேலேயே புதிய புண் வந்திருக்கும். இதையெல்லாம்விட என்னை உலுக்குவது வேறொன்று. இப்படிப்பட்ட குழந்தை சில நேரம் அழாது. புதிதாகப் பார்க்கிறவர்கள் ‘எவ்வளவு சமத்து’ என்பார்கள். அனுபவமுள்ள செவிலியருக்குத்தான் விஷயம் புரியும். அழுதால் ஆள் வரும் என்பதைத்தான் எந்தக் குழந்தையும் முதன்முதலில் கற்கிறது. இந்தக் குழந்தை அழுது பார்த்து, யாரும் வராமல், அந்த முயற்சியையே கைவிட்டுவிட்டது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும். வேளை தவறாமல் சாப்பாடு கிடைக்கும் வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் ஒளித்துவைக்கும்.

இந்த அளவு புறக்கணிப்பைப் பற்றித்தான் பேசுகிறோம் நடுவர் ஐயா. பள்ளிக்கு அழுக்குச் சட்டையோடு போன பிள்ளைக்காக யாரும் நீதிமன்றப் படி ஏறச் சொல்லவில்லை.

சரி, எதிரணியின் வழக்கறிஞர் நண்பருக்கு வருகிறேன். ‘இது ஏழைகளின் பிள்ளைகளைப் பறிக்கும் ஏற்பாடு’ என்றார். அவருடைய கவலை நியாயமானது. வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. வறுமைக்குத் தர வேண்டியது பணமும் வேலையும்தான். சட்டங்களுக்கும் இது தெரியும். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் குழந்தையைக் கைவிடுவதையும் புறக்கணிப்பதையும் 75ஆம் பிரிவில் குற்றமாக்குகிறது. அதே பிரிவு, பெற்றவர்கள் தங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் கைவிட்டிருந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களின் சட்டங்களும் வெறும் பணமின்மையைப் புறக்கணிப்பாக எண்ணக் கூடாது என்கின்றன. வீட்டில் பால் இருந்ததா என்பதோடு விசாரணை நிற்கக் கூடாது. பாலும் உதவியும் வாசல்வரை வந்த பிறகும் எடுத்துக் கொடுக்க ஆள் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தார். பழங்குடிக் குழந்தைகளை அரசே தலைமுறை தலைமுறையாகப் பிரித்தெடுத்தது. அதற்கு அந்த நாட்டின் பிரதமர் 2008 பிப்ரவரியில் நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ‘புறக்கணிப்பு’ என்ற காரணமே அங்கே சாக்காகவும் பயன்பட்டது. அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் இதே கொடுமை நடந்தது. அதற்கு அந்த நாடு என்ன செய்தது என்றுதான் பார்க்க வேண்டும். 1978இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, பழங்குடிப் பெற்றோரின் உரிமையை முடிக்க வேண்டுமானால் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும் என்றது. கொலை வழக்கில் கேட்கும் அளவு சான்று அது! மற்றப் பெற்றோருக்கும் ‘தெளிவான, நம்பத்தக்க சான்று’ கட்டாயம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் சொன்னது. அதிகாரம் தவறாகப் போகக்கூடும் என்று தெரிந்தால் படியை உயர்த்த வேண்டும். அந்தப் படியை அவர்கள் உயர்த்தினார்கள். எங்கள் அணி கேட்பதும் உயர்ந்த படியைத்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ‘திருந்துவதற்கு நேரம் கொடுங்கள்’ என்று எதிரணியில் மூன்று பேரும் சொன்னார்கள். யாருடைய நேரத்தை எடுத்துக் கொடுப்பது?

போதையிலிருந்து மீள்கிறவர் நடுவில் ஒருமுறை, இருமுறை வழுக்கி விழுவார். சிகிச்சையில் அது சகஜம். அவரைக் கைவிடக் கூடாது, நானும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் குழந்தை ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிறது. அவருக்கு நாற்பது வயதில் இரண்டு ஆண்டு. குழந்தைக்குப் பிறந்ததே இரண்டு ஆண்டுக்கு முன்னால்தான்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு ஒரு ஆய்வு தொடங்கியது. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூவர் நடத்தியது. விடுதிகளில் இருந்த 136 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். நான்கரை வயதில் பார்த்தபோது விடுதி முறையிலேயே விடப்பட்டவர்களின் சராசரி அறிவுத்திறன் எண் 73. குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போன குழந்தைகள், வளர்ப்பவரோடு ஒட்டிக்கொள்வதில் தெளிவாகவே முந்தியிருந்தார்கள். ‘அது விடுதி, பெற்றோர் வீடு அல்ல’ என்று நண்பர் இப்போதே குறிப்பெடுக்கிறார், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சரிதான். ஆனால் அங்கே கூரை இருந்தது, பால் இருந்தது, தொட்டில் இருந்தது. அழும்போது ஓடிவர ‘என் ஆள்’ என்று ஒருவர் இல்லை. நான் முதலில் சொன்ன வீட்டிலும் அதே ஆள்தான் இல்லை. அதோடு, உரிமையை முடித்துவிட்டுப் பிள்ளையை விடுதியில் தள்ளுவது என் அணியின் நிலைப்பாடே அல்ல. ஒரு குடும்பத்தில் நிலையாக வைக்கத்தான் முடிக்கச் சொல்கிறோம்.

இதனால்தான் நாடுகள் சட்டத்தில் கெடு வைத்தன. அமெரிக்காவின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு குழந்தை கடைசி 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது பெற்றோரைப் பிரிந்து அரசின் பொறுப்பில், இருந்துவிட்டால், உரிமையை முடிக்க அரசு மனுப் போட வேண்டும். குழந்தை உறவினரிடம் இருந்தாலோ, பெற்றோருக்குத் தர வேண்டிய உதவியை அரசே தராமல் விட்டிருந்தாலோ, வேறு தக்க காரணம் இருந்தாலோ விலக்கு உண்டு. இங்கிலாந்தில் 2014 முதல், குழந்தையை அரசின் பராமரிப்பில் எடுப்பது பற்றிய வழக்குகளை 26 வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. கொடூரமான அவசரம் என்றார் வழக்கறிஞர் நண்பர். வாய்தா வாங்கியே பழகியவருக்கு 26 வாரம் அவசரமாகத்தான் தெரியும்!

எதிரணி வைத்ததில் கனமான வாதம் ஒன்றுண்டு. அதை அவர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். ‘குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள், ஆனால் உரிமையை ஏன் முழுதாக அறுக்க வேண்டும்?’ பாட்டியோ சித்தியோ எடுத்து வளர்க்கிறார்கள் என்றால், அறுக்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன். உறவே இல்லாத பிள்ளைக்கு என்ன ஆகிறது? வளர்ப்பவர்களுக்கு அதன் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் இருக்காது. பாஸ்போர்ட் வாங்க அனுமதி கேட்க வேண்டும். விசாரணை வரும்போதெல்லாம் பிள்ளை திரும்பிப் போகுமா இருக்குமா என்று தெரியாமல் அந்த வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். துணிப்பையை முழுதாகப் பிரித்து அலமாரியில் அடுக்காத பிள்ளைகள் உண்டு. எப்போது கிளம்பச் சொல்வார்களோ, யாருக்குத் தெரியும்? நாளைக்கே வேறொருவர் வந்து கேட்கலாம் என்றால், தத்தெடுக்க முன்வருகிறவர் எப்படி முழு மனதோடு வருவார்?

எங்கள் பக்கத்துக் குறையையும் நானே சொல்லிவிடுகிறேன், அடுத்து வருகிறவருக்கு வேலை மிச்சம். அமெரிக்காவில் உரிமை முடிக்கப்பட்ட பிறகும் தத்தெடுக்க யாரும் வராமல் நிற்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பழைய பெற்றோர் சட்டப்படி இல்லை; புதியவர்கள் வரவில்லை. இது பெரிய குறை. அதற்காகவே கலிபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்கள் முடிக்கப்பட்ட உரிமையைத் திரும்பத் தரவும் வழி செய்திருக்கின்றன. கலிபோர்னியாவில் பிள்ளையே மனுப் போடலாம். பெற்றோர் உண்மையிலேயே திருந்தியிருந்தால் கதவைப் பிள்ளை திறக்கட்டும். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு தாயின் உரிமையை முடித்துப் பிள்ளையைத் தத்துக் கொடுக்க அனுமதித்த வழக்கில், 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நார்வேக்கு எதிராகத் தந்த தீர்ப்பை எதிரணியினர் துருப்புச் சீட்டாக இறக்கினார்கள். நீதிபதிகளில் 13க்கு 4 என்ற கணக்கில் நார்வே தோற்றது உண்மை. ஆனால் உரிமையை முடிக்கவே கூடாது என்று அந்த நீதிமன்றம் எங்கே சொன்னது? தாயும் பிள்ளையும் சந்திக்க மிகக் குறைந்த வாய்ப்பையே கொடுத்துவிட்டு, புதிய நிபுணர் அறிக்கையும் இல்லாமல் முடிவெடுத்ததைத்தான் குறை சொன்னது. ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பெற்றோரிடமிருந்து பிரிப்பது அவசியமாகக்கூடிய நிலைக்கு உதாரணமாகப் புறக்கணிப்பையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குழந்தைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1973லேயே சொல்லிவிட்டது.

‘நாளைக்கு வளர்ந்து, என்னைப் பெற்றவள் யார் என்று கேட்டால்?’ என்றார் அம்மையார். கேட்கட்டும், சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தத்துப் போனவர் 18 வயதில் தன் பழைய பிறப்புப் பதிவைக் கேட்டு வாங்கலாம். முடிவது அதிகாரம், பெற்றவரின் பெயரும் புகைப்படமும் பிள்ளைக்கு உரியவை, அவற்றை மறைக்க எவருக்கும் உரிமை கிடையாது.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவர் அடுத்துப் பேசப்போகிறார், அவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அணி ‘இன்னும் கொஞ்ச காலம்’ என்று பலமுறை சொல்லிவிட்டது. நான் 15 மாதம், 22 மாதம், 26 வாரம் என்று எண்களைச் சொன்னேன். அவற்றில் குறை இருந்தால் திருத்துங்கள். உங்கள் எண் எவ்வளவு? எத்தனை மாதம், எத்தனை வாய்ப்பு? அந்தக் கெடு முடியும் நாளில் பிள்ளைக்கு என்ன வயது ஆகியிருக்கும், அதுவரை அது யார் வீட்டில் தூங்கும்? இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.