43 கோல்தான் எங்கள் சாட்சி

நடுவர் அவர்களே, வணக்கம். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ஜிம் பிரவுனின் திறமை முழுதாக வெளிப்பட்டது அமெரிக்கக் கால்பந்திலா, முனையில் வலை கட்டிய தடியால் பந்தை ஏந்தி எறிந்து கோல் போடும் லக்ரோஸிலா? லக்ரோஸில்தான் என்கிறோம் நாங்கள்.

எதிரணி நண்பர்கள் 1956-இல் கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்த கால்பந்து ஆட்டத்தைச் சொன்னார்கள். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டும் டச்டவுன் 6, அதன்பின் கிடைக்கும் கூடுதல் உதை 7, தனி ஆளாக 43 புள்ளி! மறுக்கவில்லை ஐயா. ஆனால் அங்கே அவர் அணியின் முன்வரிசைக்காரர்கள் மோதி வழிவிட்ட பிறகுதான் ஓட்டம். பந்தைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் புள்ளி வந்துவிடும். சில விநாடியில் விசில் அடிக்கும், மூச்சு வாங்கலாம்.

லக்ரோஸில் அவர் மிட்ஃபீல்டர். 110 யார்டு திடலில் தாக்கவும் ஓட வேண்டும், தடுக்கவும் திரும்பி ஓட வேண்டும். பந்து இருப்பதோ தடிமுனை வலையில். தொட்டில் ஆட்டுவதுபோல் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே ஓடினால்தான் அது அங்கே நிற்கும். எதிராளி தடியையே அடிக்கலாம், விதி அனுமதிக்கிறது. அந்த எதிராளிக்கு முதுகைக் காட்டிச் சுழன்று தப்பும்போது பலர் எங்கே தவறுகிறார்கள் தெரியுமா? உடம்பு திரும்பிவிடும், தடி பின்னால் தங்கிவிடும். ஒரு தட்டு, பந்து தரையில்! தடியை மார்பருகே இழுத்து, உடம்போடு சேர்த்தே திருப்ப வேண்டும். அதுவும் அன்றைய மரத்தடியில் வலைக்கு ஒரு பக்கம்தான் மரச்சட்டம். இரு பக்கமும் ஒத்த பிளாஸ்டிக் தலையெல்லாம் பிறகு வந்தவை.

இவ்வளவும் கடந்தாலும் உடல்பலத்தோடு கோலுக்குள் புக முடியாது. தாக்குபவர் மிதிக்கக் கூடாத எல்லை ஒன்று கோலைச் சுற்றி இருக்கிறது. அதற்கு வெளியே நின்று, 6 அடிக்கு 6 அடிச் சட்டத்துக்குள், காவலரை ஏமாற்றி எறிய வேண்டும். பலசாலி என்பது இங்கே பாதித் தகுதிதான்.

எதிரணி சொன்ன அதே 43 எங்களிடமும் இருக்கிறது. 1957-இல் 10 ஆட்டங்களில் 43 கோல், ஐயா! அந்தப் பத்திலும் சிரக்கியூஸ் தோற்கவில்லை.

மூச்சுக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். அந்த ஆண்டு மே 18 அன்று, தடகளத்தில் உயரம் தாண்டுதலிலும் வட்டு எறிதலிலும் முதலாவதாக வந்தார். அதே நாளில் லக்ரோஸ் திடலில் இறங்கினார். ராணுவக் கல்லூரி அணியை சிரக்கியூஸ் 8-6 என்று வென்றது.