காருக்குள் வந்து சேர்ந்த ஒலி: ஓர்ஃபீல்டு டிரைவ்-இன் திரையரங்கின் வரலாறு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலென்டவுன் நகரத்துக்கு அருகே ஓர்ஃபீல்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1934 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ஷாங்க்வைலர்ஸ் திரையரங்கு, காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி டிரைவ்-இன் அரங்குகளில் ஒன்று; அந்த நாட்டில் இன்றும் இயங்குபவற்றுள் மிகப் பழையது. பெருநகரங்களின் ஓரத்தில் ஆயிரம் கார்களுக்கு இடம் வைத்துக் கட்டப்பட்டவை பலவும் மறைந்துபோக, இந்தச் சிற்றூர் அரங்கு எப்படி நிலைத்தது என்பதைத்தான் இன்று பேச விழைகிறேன். டிரைவ்-இன் என்றதும் நம் மனத்தில் எழுவது பிரம்மாண்டமான திரைதான். ஆனால் அதன் வரலாற்றைத் தொடர்ந்து படித்து வந்த எனக்கு, அது கண்ணின் கதை என்பதைவிடக் காதின் கதையாகவே படுகிறது.

தொடக்கம் நியூஜெர்சியில். கேம்டன் நகரைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட், தம் வீட்டு முற்றத்து மரங்களில் திரையைக் கட்டி, காரின் முன்மூடியில் புரொஜெக்டரை வைத்து, திரைக்குப் பின்னால் ஒரு வானொலிப் பெட்டியைப் பாடவிட்டுச் சோதித்துப் பார்த்தார். முன்னால் நிற்கும் கார் பின்னால் இருப்பவருக்கு மறைக்குமே என்ற சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வு மிக எளியது: வளைவு வளைவாக மண்மேடுகளை அமைத்து, காரின் முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தினால், பார்வை முன்காரின் கூரைக்கு மேலே போய்விடும். இதற்கு 1933 மே மாதம் காப்புரிமை பெற்று, அடுத்த மாதமே, ஜூன் 6 அன்று, அரங்கைத் திறந்தார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், எத்தனை பேர் வந்தாலும் ஒரு காருக்கு ஒரு டாலருக்கு மேல் இல்லை.

பார்வைச் சிக்கலைத் தீர்த்த அவருக்கு ஒலி பிடிபடவில்லை. திரையருகே பொருத்திய பெரிய ஒலிபெருக்கிகளின் சத்தம் அக்கம்பக்கத்து வீடுகளின் உறக்கத்தைக் கெடுத்தது. கடைசி வரிசைக்கோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். திரையிலிருந்து 120 மீட்டர் தள்ளி நிற்கும் காரில் இருப்பவருக்கு, நடிகரின் உதடு அசைந்து மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்தே சொல் கேட்கும். ஒரு முத்தக் காட்சியோ சண்டைக் காட்சியோ இந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும், வசனம் தாங்காது.

ஓர்ஃபீல்டில் விடுதி நடத்தி வந்த வில்சன் ஷாங்க்வைலர், ஹாலிங்ஸ்ஹெட்டின் அரங்கைப் பார்த்துவிட்டுத்தான் தம் நிலத்தில் இதைத் தொடங்கினார். இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டிய துணி, மேசைமேல் ஒரு புரொஜெக்டர், ஓர் ஒலிபெருக்கி, இவ்வளவுதான் முதலீடு. சிறிய அரங்கு என்பதால் ஒலியின் தொல்லையும் சிறியதாகவே இருந்தது என்று நான் கருதுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடெங்கும் பரவிய ஒரு சிறு கருவிதான் எல்லாவற்றையும் மாற்றியது. இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு கம்பம். அதில் இரண்டு உலோக ஒலிபெருக்கிகள். அவற்றின் முதுகில் கொக்கி. கார்க் கண்ணாடியைச் சற்றே இறக்கி, அதன் விளிம்பில் கொக்கியை மாட்டி, திருகைத் திருப்பினால், அந்தக் குடும்பத்துக்கு மட்டும் வேண்டிய அளவில் படம் பேசத் தொடங்கும். கைக்குழந்தை அழுதாலும் அடுத்த காருக்குத் தொந்தரவு இல்லை. படம் முடிந்ததும் அதைக் கழற்ற மறந்து, கம்பியை அறுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஹாலிங்ஸ்ஹெட்டின் காப்புரிமை செல்லாது என்று 1949இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், மற்றவர்கள் இத்தகைய அரங்கைத் தொடங்குவதற்கு இருந்த தடையும் நீங்கியது. 1950களின் இறுதியில் நாடு முழுவதும் 4,000க்கும் மேற்பட்ட டிரைவ்-இன்கள் இருந்தன.

வீழ்ச்சியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தொலைக்காட்சி வந்தது, நகரோர நிலத்தின் விலை ஏறியது, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் வழக்கத்தை 1966ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களுக்கும் பொதுவாக்கியதால், இருட்டுவதே ஒரு மணி நேரம் தள்ளிப்போய், குழந்தைகள் உறங்கும் வேளையில்தான் படம் தொடங்க முடிந்தது. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ முந்நூறு. வணிக வளாகம் கட்டுபவர்கள் தேடிவந்து விலைபேசும் நெருக்கடி சிற்றூர் நிலங்களுக்குக் குறைவாக இருந்தது, ஓர்ஃபீல்டு போன்ற அரங்குகளுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. 1955இல் டயான் புயல் ஷாங்க்வைலர்ஸ் அரங்கின் திரையையும் புரொஜெக்டர் கட்டடத்தையும் சாய்த்தபோது, அதை நடத்தியவர்கள் இடத்தை விற்றுவிட்டுப் போகவில்லை. அகலத்திரையோடு மீண்டும் கட்டினார்கள். படச்சுருள் மறைந்து, ஒரு திரைக்கு 70,000 டாலர் அளவில் டிஜிட்டல் புரொஜெக்டர் வாங்க வேண்டிவந்த ஆண்டுகளிலும் அப்படியே தாக்குப்பிடித்தார்கள்.

ஒலியும் இறுதியில் தன் இடத்தைக் கண்டுகொண்டது. அரங்கிலிருந்து குறுகிய தூரத்துக்கு மட்டும் ஒலிபரப்பப்படும் வானொலி அலைவரிசையை, வந்தவர் தம் காரின் வானொலியிலேயே பிடித்துக்கொள்கிறார். கம்பமும் இல்லை, கொக்கியும் இல்லை. இரண்டு படங்கள் முடியும்வரை வானொலி ஓடியதில் பேட்டரி இறங்கிப்போன கார்களைக் கிளப்பிவிட, நள்ளிரவில் இணைப்புக் கம்பியோடு வரிசை வரிசையாக நடந்துவருவது, இன்று டிரைவ்-இன் ஊழியர்களின் கடைசி வேலையாக இருக்கிறது.